கடலில் விழுந்தால் காசு கிடையாது!

டிரிங்... டிரிங்... டிரிங்...!

அபர்டீன் பஜார் மாடியில், அந்த ஒற்றை அறை இன்ஷூரன்ஸ் ஆபீசில் போன் அலறியது.

பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த திருநாவுக்கரசு எரிச்சலோடு எடுத்தான். ஊரைக் காலி பண்ணும் நாளிலா இது அடிக்க வேண்டும்?

"ஹலோ!"

"தம்பி... சாத்தம் ஜெட்டியிலேர்ந்து நாகூர் கனி பேசறேன்... டீக்கடை..."

"சொல்லுங்க பாய். ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"காரு... நம்ம ராஜமாணிக்கம் மொதலாளி காரு..."

"காருக்கு என்ன?"

"கடலுக்குள்ள கெடக்கு தம்பி!"

திருநாவுக்கரசு பெட்டிக் கயிற்றைக் கீழே போட்டான்.

"அண்ணாச்சி?"

"வண்டி இருக்கு... மொதலாளியத்தான் காணோம்!"

ரிசீவர் கை நழுவி மேஜை மேல் விழுந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷத்துப் போர்ட் பிளேயரில், ஹார்ன் சத்தத்தை வைத்தே யார் கார் என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் கார்கள். அதில் ராஜமாணிக்கத்தின் பச்சை லேண்ட்மாஸ்டர் ஒன்று. மர கான்ட்ராக்டர். டெய்ரி ஃபார்ம் பகுதியில் பெரிய வீடு, அதில் அவர் ஒருவர் மட்டும். மனைவி ஒரு கப்பலில் மெயின்லேண்ட் போனவள், எந்தக் கப்பலிலும் திரும்பி வரவில்லை.

பேசுவதற்கு ஆளில்லாத அந்த வீட்டுக்கு வாராவாரம் போய்வந்த ஒரே மனிதன் இந்த இன்ஷூரன்ஸ்காரன்தான். போனது நட்புக்காக இல்லை, பாலிசிக்காக! அப்படித்தான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

அவன் சாத்தம் படகுத்துறைக்கு ஓடினான்.

அங்கே ஊரே கூடியிருந்தது. ராஜமாணிக்கத்தின் மரங்களை இழுக்கும் யானை, இப்போது அவருடைய காரை இழுத்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக லேண்ட்மாஸ்டர் கரையேறியது.

உள்ளே யாரும் இல்லை.

திருநாவுக்கரசு காரை ஒரு சுற்றுச் சுற்றினான். உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். முன் சீட்டைத் தடவினான். அவன் முகம் சட்டென்று மாறியது.

"என்ன சார்... எதையாவது தேடறீங்களா?"

திரும்பினான். சப் இன்ஸ்பெக்டர் ஜெகநாதன்! மதுரைக்காரர். பத்து வருஷம் தீவில் இருந்து பாதி இந்திக்காரராகவே ஆகிவிட்டவர்.

"ஒண்ணுமில்ல சார்."

"அச்சா. எனக்கு ஒரு சந்தேகம். இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அவரே தள்ளிவிட்டு ஒளிஞ்சுக்கிட்டாரோ?"

"சான்ஸே இல்ல சார். அவர் போட்டிருக்கறது வெறும் தேர்ட் பார்ட்டி."

"அரே, புரியற மாதிரி சொல்லுங்க!"

"இவர் வண்டி அடுத்தவன் மேல மோதினா, அடுத்தவனுக்குத்தான் கம்பெனி பணம் கொடுக்கும். இவர் வண்டிக்கு என்ன ஆனாலும் இவருக்கு ஒரு காசு கிடையாது."

"அப்ப பணத்துக்காக இல்ல..." ஜெகநாதன் மீசையைத் தடவினார். "அப்ப மர்டர்!"

"சார்!"

"நேத்து சாயங்காலம் இதே ஜெட்டியில அவரோட சண்டை போட்டது யாரு?"

நாகூர் கனி தலையைக் குனிந்துகொண்டார்.

"பாய், சொல்லுங்க. நீங்க காதால கேட்டதை மட்டும் சொல்லுங்க."

"அல்லா மேல ஆணையா, தம்பி நல்ல புள்ள சார்... வழக்கமான பேரம்தான்..."

"என்ன பேரம்?"

"ஃபுல் கவர் எடுங்க அண்ணாச்சின்னு தம்பி சொன்னாரு. திருட்டுக்குப் பணம் எதுக்கு, தீவுல காரைத் திருடி எவன் எங்க கொண்டு போவான், அதைக் கழிச்சிருன்னாரு மொதலாளி. தீ விபத்துக்கு எதுக்கு, வருஷம் பூரா மழை பெய்யுது, அதையும் கழின்னாரு. மரம் விழுந்தா? நான் மர கான்ட்ராக்டர், எந்த மரம் எங்க விழும்னு எனக்குத் தெரியும், கழி! இப்படிக் கழிச்சுக் கழிச்சு..."

"கடைசியில?"

பாய் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பிக்குக் கோவம் வந்திருச்சு. 'நாளைக்கே இந்த வண்டி கடல்ல விழும், அப்ப என்கிட்ட வந்து நிக்காதீங்க'ன்னு கத்திட்டாரு..."

"பலே!" என்றார் ஜெகநாதன். "நேத்து சொன்னீங்க. இன்னிக்கு விழுந்திருச்சு. இன்னிக்கே மெட்ராஸ் கப்பல்ல நீங்க கிளம்பறீங்க!"

"எனக்கு ஹெட் ஆபீசுக்கு மாத்தல் சார்! பிரமோஷன்! இந்தக் கப்பல்ல வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு தந்தி அடிச்சிருக்காங்க... தகுந்த காரணம் இல்லாம தங்கினா உள்ள வேலையும் போயிடும்!"

"மர்டர் கேஸைவிடத் தகுந்த காரணம் வேணுமா? ஏறுங்க ஜீப்ல!"

ஸ்டேஷனில் அவனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியே துறைமுகம் தெரிந்தது. மெட்ராஸ் கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஏணியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வருஷமாக இந்தத் தீவைத் திட்டியே பொழுதைக் கழித்தவன் அவன். லம்பா லைன் பகுதியில் வாடகை அறை. சமைத்தால் ஒருவனுக்குச் சமைக்க வேண்டும், பேசினால் சுவரோடு பேச வேண்டும். மெட்ராஸில் மட்டும் யார் இருக்கிறார்கள்? மனைவி எப்போதோ இறந்துபோனாள். கடிதம் போடுவதற்குக்கூட ஒரு விலாசம் இல்லாதவன்!

"சார், கப்பல்..." என்றான் பலவீனமாக.

"உண்மையைச் சொல்லுங்க, போகலாம். அவரை எங்க தள்ளினீங்க?"

"நான் தள்ளல சார்."

"நைட்டு எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்லதான் படுத்திருந்தேன். தனியா."

"சாட்சி?"

"தனியா இருந்தவனுக்கு ஏது சார் சாட்சி?"

ஜெகநாதன் பேனாவை மூடி வைத்தார். அவருடைய குடும்பமும் மதுரையில்தான் இருந்தது. அவரும் தினமும் ஒருவருக்குத்தான் சோறு வடிக்கிறார். ஆனால் கடமை கடமைதான்.

"கடல்ல ஆளை இறக்கித் தேடறோம். உடம்பு கிடைச்சுதுன்னா... தூக்கு!"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் ஏணியை எடுத்தார்கள்.

பாம்ம்ம்ம்...!

சங்கு ஊதியது. கப்பல் மெல்ல நகர்ந்து, ராஸ் தீவைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தது.

திருநாவுக்கரசு எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்தான்.

"இன்ஸ்பெக்டர் சார்... அண்ணாச்சி உயிரோட இருக்கார்."

"க்யா?!"

"கார்ல நாலு கண்ணாடியும் இறங்கியிருந்துச்சு. கவனிச்சீங்களா?"

"அதனால என்ன?"

"இங்க ஜெட்டியில வண்டியைப் படகுல ஏத்தறப்ப என்ன பண்ணுவாங்க? மத்தவங்களை இறக்கி விட்டுட்டு, டிரைவர் மட்டும் ஏத்துவான். நாலு கண்ணாடியையும் இறக்கிடுவான், தன் பக்கத்துக் கதவைச் சாத்தாம முழங்கையால பிடிச்சுக்குவான். ஏத்தற பலகை வழுக்கினா வெளியே குதிக்கணுமே!"

"ஆமா... எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"கொலைகாரன் எதுக்கு சார் ராத்திரி பெஞ்ச மழையில நின்னு நாலு கண்ணாடியை இறக்கறான்? உடம்பு வெளியே மிதந்து வரட்டும்னா? ஸ்டியரிங்ல உட்கார்ந்தது அண்ணாச்சிதான். வேணும்னேதான் கடல்ல விட்டிருக்கார். ஆனா ஜெட்டியைப் பார்த்ததும் கை பழக்கத்துல கண்ணாடியை இறக்கிடுச்சு!"

"பலகை வழுக்கி நிஜமாவே விழுந்திருந்தா?"

"முன் சீட்ல டிரான்சிஸ்டர் இல்லையே சார்! அந்த வீட்ல அவர்கிட்ட பேசறது அது ஒண்ணுதான். போற இடமெல்லாம் பக்கத்துல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போவார். தவறி விழறவர் ரேடியோவை முன்கூட்டியே இறக்கி வைப்பாரா?"

ஜெகநாதன் தொப்பியை எடுத்தார்.

"ஆளு எங்க?"

"நேத்தே என் ரூமைக் காலி பண்ணிட்டேன். சாவியை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுங்கன்னு, சண்டைக்கு முன்னாடி அண்ணாச்சிகிட்டதான் கொடுத்தேன்."

ஜீப் லம்பா லைனுக்குப் பறந்தது.

பூட்டியிருக்க வேண்டிய அறை பூட்டப்படவில்லை. உள்ளே இலங்கை வானொலி கரகரத்துக்கொண்டிருந்தது!

ஜெகநாதன் துப்பாக்கியை உருவினார். கதவை உதைத்தார்.

"ஹேண்ட்ஸ் அப்!"

வெறும் தரையில், ஈர வேட்டியோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ராஜமாணிக்கம். பக்கத்தில் டிரான்சிஸ்டர். கையில் பாதி கடித்த பன்.

"வாங்க வே," என்றார் கையைத் தூக்காமல். "கப்பல் போயிட்டுதா?"

"போயிடுச்சு அண்ணாச்சி."

"அப்பாடா!"

"யோவ்!" ஜெகநாதன் வெடித்தார். "உங்களைத் தேடி என் ஆளுங்க கடலையே கலக்கறாங்க! இவரைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டு போயிட்டேன்! எதுக்குய்யா காரைக் கடல்ல விட்டீங்க?"

ராஜமாணிக்கம் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீய? காரும் கடல்ல, ஆளையும் காணோம்னா பாலிசிக்காரன் நின்னு விசாரிக்கணும்லா, இன்னொரு கப்பல் வரைக்குமாவது இருப்பான்னு நெனச்சேன். போலீசு அவனையே பிடிக்கும்னு கண்டேனா? அஞ்சு வருஷமா ஒவ்வொரு வாரமும் பேரம் பேசினது நாலு ரூவாயைக் குறைக்கன்னா நெனைக்கீய? பேரம் முடிஞ்சா இவன் வரமாட்டான் சார்! அதான் முடிக்கவே இல்ல..."

திருநாவுக்கரசு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"அண்ணாச்சி, ஃபுல் கவர் எடுத்திருந்தாலாவது..."

"போலே மடையா! எடுத்திருந்தா மோசடின்னு என்னை உள்ள தள்ளியிருப்பாரு உன் இன்ஸ்பெக்டரு! எடுக்காததாலதான் தப்பிச்சேன். எனக்கேத்த பாலிசி எதுன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்!"

ராஜமாணிக்கம் பன்னை இன்னொரு கடி கடித்தார்.

"சரி, புது கார் ஒண்ணுக்கு மெட்ராஸுக்கு எழுதப் போறேன். அதுக்கு ஃபுல் கவர் என்ன வெல?"

"ஜெட்டியில விழறதையும் சேர்த்து, கொஞ்சம் கூடத்தான் ஆகும்."

"அநியாயம்! குறைலே!"

"முடியாது அண்ணாச்சி."

"அப்ப அடுத்த வாரம் வா, பேசுவோம்."

ஜெகநாதன் துப்பாக்கியை உறையில் போட்டார். பிறகு மெதுவாக இன்ஷூரன்ஸ்காரன் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம் சார். கண்ணாடி இறங்கியிருந்ததை எப்ப பார்த்தீங்க?"

"அது வந்து..."

"காலையில. ஜெட்டியில. முகமே மாறிச்சு, நான் பார்த்தேன். அப்பவே சொல்லியிருந்தா விட்டிருப்பேன். கப்பல் கண்ணுக்கு மறையற வரைக்கும் ஏன் வாயைத் திறக்கல?"

ராஜமாணிக்கம் பன்னைக் கீழே வைத்தார். "என்னலே சொல்லுதாரு இவரு?"

"போலீஸ் பிடிச்சு வச்சாங்கன்னா..." திருநாவுக்கரசு தரையைப் பார்த்தான். "கம்பெனியால ஒண்ணும் சொல்ல முடியாது சார். தகுந்த காரணம். எனக்கு மெட்ராஸ்ல யாரும் இல்ல."

"அடப்பாவி! அப்ப நான் உங்களைப் பிடிச்சு வைக்கல... நீங்கதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கீங்க!"

டிரான்சிஸ்டரில் பழைய பாட்டு ஒன்று ஆரம்பித்தது. ராஜமாணிக்கம் நகர்ந்து இடம் விட்டார். திருநாவுக்கரசு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

வாசல்வரை போன ஜெகநாதன் நின்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய குவார்ட்டர்ஸில் விளக்கேற்றக்கூட ஆளில்லை.

தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, அவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் சார்... சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?"

"சைக்கிளுக்கா? ரொம்பக் கம்மிதான் சார், இப்பவே முடிச்சிடலாம்!"

"முடிக்கற வேலையெல்லாம் வேணாம்," என்றார் ஜெகநாதன். "ரேட்டைக் கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க... நானும் வாராவாரம் வந்து குறைக்கறேன்!"