உம்மா பக்கம் திருப்பு

காலையில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த நெட்புக், இன்ஷிரா மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியும் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

இல்மாவின் வேலையாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கை சும்மா கிடக்காது, டியூஷனுக்குப் புறப்படும் அவசரத்திலும் எதையாவது நோண்டிவிட்டுத்தான் போவாள். இன்ஷிரா அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது இந்தச் சாமான் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

கடுகண்ணாவையில் பின்னேரத்து மழை தொடங்கினால் லேசில் விடாது. மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி, வீட்டு முற்றத்தையும் கீழே போகும் கண்டி ரோட்டையும் ஒரேயடியாக விழுங்கிவிட, ஏற்றத்தில் திணறும் லொறிகளின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே எல்லா ஜன்னலுக்கும் திரை. இன்ஷிரா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அவள் புருஷன் பாயிஸின் வேன் இதே ரோட்டின் வளைவொன்றில், இதே மாதிரி ஒரு பனியில் கவிழ்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மௌத்தானவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது. இன்ஷிராவும் பேசவில்லை. ஆனால் நாம் பேசலாம். கெலிஓயாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அந்த மனுஷன், பிள்ளையின் படிப்புக்கென்று சொல்லி இந்தப் பழைய நெட்புக்கை வாங்கி வந்து, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஹோல் அலுமாரிக்கு மேல் வைத்தார். அங்கிருந்து அதன் கேமராவுக்கு முன் கதவு தெரியும், குசினி தெரியும், படுக்கையறையில் பாதி தெரியும். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே போனில் வீட்டைப் பார்ப்பார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை லைட் எரியும், பிறகு குரல் வரும். “கதவு ஏன் தொறந்தீக்குது? யாரு வந்துட்டுப் போன?”

பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. வீட்டில் கேமராவுக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். இன்ஷிரா சிலவேளை அங்கே போய்ச் சும்மா நிற்பாள். அவள் கண்ணில் படாவிட்டால் அவர் பிள்ளையைத்தான் கூப்பிடுவார். “மகள், உம்மா பக்கம் திருப்பு.” “ஓ வாப்பா,” என்று இல்மா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, நெட்புக்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவாள். அவளுக்கு அது விளையாட்டு.

போன கிழமைதான் இன்ஷிரா அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே முழுக்கப் படங்கள். குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிற இன்ஷிரா, தூங்குகிற இன்ஷிரா, தனியாக இருந்து அழுகிற இன்ஷிரா. பார்த்துப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த கிழமை இல்மாவுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு சூமில் தொடங்குகிறது, நெட்புக் கட்டாயம் வேண்டும். ஆனால் இதைத் தூக்கி எந்தக் கடைக்காரனிடம் கொடுப்பது? நகம்கூடப் பிறத்தி ஆணுக்குத் தெரியக் கூடாத இந்த நாளில், தலை மூடாத தன்னை ஆயிரக்கணக்கில் அனுப்பி வைப்பதா? மையத்து அடக்கத்துக்கு வந்து போன கிழமை வரை நின்ற தம்பி ருஷ்தியிடமும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மெஷின் சரியான ஸ்லோ என்று மட்டும் சொல்லி வைத்தாள். கத்தாருக்குத் திரும்பிப் போகுமுன் அவன் ஒரு பென் டிரைவைக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

இன்று அவனுக்கு லீவு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் சாய்த்துவிட்டு, இன்ஷிரா நெட்புக்கை இறக்கி வைத்து வயரைக் குத்தினாள்.

“பயப்பட வாணாம் ராத்தா,” என்றான் ருஷ்தி. “விண்டோஸ் போட்டா இந்தக் கிழட்டு மெஷினுக்கு மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டா எழும்பி ஓடும். பென்ன குத்திட்டு ஓன் பண்ணுங்கோ.”

முதல் தடவை திரை கருப்பாகவே நின்றது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை ருஷ்தி சொன்ன வார்த்தை ஒன்றைத் தொடக்க வரியின் கடைசியில் தட்டிச் சேர்த்த பிறகு, படம் வந்தது. மொழி கேட்டது, தமிழைக் கொடுத்தாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது. வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா?

“பழையது ஒண்டும் மிஞ்சாது,” என்றான் ருஷ்தி. “மச்சான்ட படம், கிடம் ஏதாச்சும் வேணுமெண்டா…”

“ஒண்டும் வாணாம்.”

அவள் அழுத்தினாள். பட்டை ஊர்ந்து ஊர்ந்து நீண்டது. இன்ஷிராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதத்து விதவைக்கு வரக் கூடாத சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்து வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் அது போகவில்லை. மெஷின் சூடாகி, அதன் பக்கத்து ஓட்டைகளிலிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றில் தூசி மணத்தோடு பெயின்ட் தின்னர் மணமும், துருப்பிடித்த இரும்பு மணமும் கலந்திருந்தன. கடையிலிருந்து வந்து பாயிஸ் சேர்ட்டைக் கழற்றும்போது வரும் மணம். இந்த நெட்புக் ஒரு நாளும் கடைக்குப் போனதில்லை. மணம் போகட்டும் என்று அவள் எழும்பிப் போய் முன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

“இப்ப பேர் கேக்குது,” என்றாள் திரும்பி வந்து.

“போடுங்கோ. எந்தப் பேரெண்டாலும் சரி.”

லைட் பில், தண்ணி பில், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, போன் சிம், இந்த வீட்டில் எதற்குப் பேர் கேட்டாலும் ஒரே பேரைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை, புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் விரலுக்குப் பழக்கம். யோசிக்குமுன்பே தட்டி முடித்திருந்தது. பாயிஸ்.

அழிக்க வேண்டும் என்று நினைத்த நேரம் ருஷ்தி, “அடுத்தத அமத்துங்கோ,” என்றான்.

“அமத்த ஒண்டும் காணல்ல. திரை கீழ வெட்டுப்பட்டு நிக்குது.”

“சின்னத் திரைதானே, பட்டன் கீழ மறஞ்சீக்கும். டாப் கீய ஒரு தரம் அமத்துங்கோ, ஸ்பேஸ், பிறகு டாப், என்டர். தெரியாட்டியும் வேல செய்யும்.”

அவள் கண்ணுக்குத் தெரியாத எதிலோ சரி அடையாளம் விழுந்தது. என்னவென்று தெரியவில்லை. பட்டை மறுபடி ஓடியது.

“தம்பி, பேர பிறகு மாத்தலாம்தானே?”

“மாத்தலாம். ஏன், என்ன போட்டீங்க?”

“ஒண்டுமில்ல.”

எல்லாம் முடிந்து, பென்னைக் கழற்றச் சொல்லி, அணைந்து திரும்ப எரிந்தது. நீல நிறத்தில் ஒரு திரை, நடுவில் எழுத்து. நல்வரவு, பாயிஸ். ஒரு கேள்வியும் கேட்காமல் அது உள்ளே போனது.

“பாஸ்வேர்ட் கேக்கல்லயே?”

“அப்ப தானா உள்ள வார மாதிரி டிக் விழுந்தீக்கும்,” என்று ருஷ்தி சிரித்தான். “பரவாயில்ல, பிள்ளைக்கு லேசு. வைஃபை புடிச்சீக்கா பாருங்கோ.”

பிடிக்கவில்லை. இந்த மாடலில் அப்படித்தான், அதற்குத் தனியாக ஒரு பைல் போட வேண்டும், நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்றான். “அது மட்டும் இது செவிட்டு மெஷின் ராத்தா. வெளிய யாரோடயும் பேச ஏலாது, யாருக்கும் இதோட பேசவும் ஏலாது.” ஸலாம் சொல்லி வைத்துவிட்டான்.

போன் அணைந்ததும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. இன்ஷிரா திரையைப் பார்த்தாள். வெறும் நீலம். ஒரு படமும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பச்சை லைட் எரிந்தது.

ஏதோ புதுசாகச் சோதித்துப் பார்க்கிறதாக்கும் என்று நினைத்தாள். அணைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அணையவில்லை. அலுமாரித் தட்டில் கிடந்த பிளாஸ்டரை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, கேமராக் கண்ணிலும் லைட்டிலும் சேர்த்து ஒட்டினாள். பிளாஸ்டருக்கு உள்ளேயும் பச்சை தெரிந்தது.

பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது. பச்சை இருந்தது.

வயரைப் பிடுங்கினாள். இருந்தது.

நெட்புக்கைக் கவிழ்த்து, அடியிலிருந்த இரண்டு பூட்டையும் நகத்தால் தள்ளி, பேட்டரியை இழுத்தெடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பச்சை இல்லை. பேட்டரி கையில் சுட்டது. நெட்புக்கை அலுமாரிக்கு மேல் ஏற்றி, மூடியைச் சாத்தி, முகத்தைச் சுவருக்குக் காட்டி வைத்துவிட்டு, பேட்டரியோடு குசினிக்குள் போனாள். பிள்ளை வரும் நேரம், பால் சுட வைக்க வேண்டும்.

பால் சட்டியை அடுப்பில் வைக்கும்போது ஹோலில் விசிறி சுழலுகிற சத்தம் கேட்டது. கூரையில் மாட்டியது அல்ல. சின்ன விசிறி. மெஷினுக்குள்ளே இருப்பது.

பேட்டரி அவள் கையில்தான் இருந்தது.

தின்னர் மணம் குசினி வரைக்கும் வந்தது. அவளுடைய கால்களுக்கு வழி தெரியும். பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில். முதுகைச் சுவரில் ஒட்டி. மூச்சைப் பிடித்து. இங்கே தெரியாது. இங்கே ஒரு நாளும் தெரிந்ததில்லை.

முற்றத்தில் செருப்புச் சத்தம். குடை மடங்கும் சத்தம். “அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா!” இல்மா. கூப்பிட வேண்டும். உள்ளே வராதே, ஓடு என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டால் இந்த இடமும் தெரிந்துவிடும்.

பிறகு ஹோலில் கதிரை இழுபடும் சத்தம். பிளாஸ்டர் உரிகிற சத்தம்.

“யாரும் வரல்ல, வாப்பா,” என்றாள் இல்மா. இடைவெளி. “தெரியா வாப்பா. நான் வரக்குள்ள தொறந்துதான் கிடந்த.” இடைவெளி. “ஓ. குசினியில.”

விசிறிச் சத்தம் அலுமாரியை விட்டு இறங்கியது. பக்கத்தில் வந்தது. குசினி நிலைப்படியில் நின்றது. பிரிட்ஜின் ஓரத்தில் முதலில் பச்சை வெளிச்சம் விழுந்தது, பிறகு மழையில் நனைந்த இல்மாவின் சின்ன முகம். நெட்புக்கை நெஞ்சோடு அணைத்து, சிந்தாமல் கொண்டுவருகிற தண்ணீர்ப் பாத்திரம் போலக் கவனமாகப் பிடித்திருந்தாள். வயரில்லை. அடியில் பேட்டரி இருந்த இடம் வெறும் பள்ளம்.

இல்மா சிரித்தாள். நெட்புக்கை இரண்டு கையாலும் பிடித்து, பழகியபடி, மெதுவாக உம்மா பக்கம் திருப்பினாள்.