ஹோல்ஸ்டார்க் மிஷின் புகைந்த வழக்கு

ஞாயிறு, காலை பத்தரை மணி. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தச்சுப் பயிற்சிக் கூடத்தின் சாமியானாவுக்குள், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஜெர்மன் தொழில்நுட்பம் புகைந்தது.

முதலில் ஒரு முனகல். அடுத்து எரிந்த நாற்றம். அதற்கடுத்து, ஹோல்ஸ்டார்க் டிரில் மிஷினின் வயிற்றிலிருந்து ஊதுபத்திபோல நிதானமாக ஒரு புகை. பலாப் பலகையில் பாதி ஓட்டையோடு துளைக்கும் பிட்டு நின்றுவிட்டது.

மேடையில் மைக் பிடித்திருந்தவர் கள்ளக்குறிச்சி தச்சுத் தொழிலாளர் சங்கத் தலைவர் ராமசாமி. 'கருவிச் செம்மல்' பட்டம் பெற்றவர். பட்டம் கொடுத்த விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "ஹோல்ஸ்டார்க் சாகாது!" என்று பதினைந்து வருடமாக மேடைதோறும் முழங்கி வருகிறார். இன்றைக்கும் முழங்கி வாய் மூடவில்லை, மிஷின் மூச்சை விட்டுவிட்டது.

பயிற்சிக் கூடத்துக்கு எந்தக் கம்பெனி மிஷின் வாங்குவது என்று முடிவு செய்யத்தான் இந்தச் சோதனை. மூன்று மிஷின்கள் மேஜையில் இருந்தன. மியாசோவும் பீமபலமும் பலாவைத் துளைத்துவிட்டுச் சந்தனப் பொட்டோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் பொட்டு மிளகளவு. விலை கூடின ஹோல்ஸ்டார்க்குக்கு மட்டும் தோசை ஊற்றினாற்போலப் பெரிய பொட்டு.

ஹோல்ஸ்டார்க் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி சுபாஷ் பாய்ந்து வந்து மிஷினைப் புரட்டினான்.

"ஐயோ, இது நாங்க குடுத்த மிஷினே இல்லீங்க! நம்பர் ஸ்டிக்கர சுரண்டி வச்சிருக்காங்க. மாடல் அதேதான். ஆனா யாரோ பழச வச்சிட்டு புதுச அடிச்சிகினு பூட்டாங்க!"

ராமசாமியின் விரல், மைக்கோடு சேர்ந்தே, மேஜைக்குப் பக்கத்தில் நின்ற மாயவனை நோக்கி நீண்டது. "பெட்டி இவங்கிட்டதான இருந்துது?"

மாயவன் அந்தக் கூடத்துக்கு வாத்தியாராகச் சேரவிருந்த ஆசாரி. மறுநாள் முதல் வேலை. இத்தனை காலம் பெங்களூரில் கட்டடம் கட்டடமாக அலைந்தவர், மகள் தேவதர்ஷினி படிக்கிற ஊரிலேயே ஒரு சம்பளம் என்று திரும்பி வந்திருந்தார். கூடத்தின் செயலாளர் எழுந்து, சாயங்காலத்துக்குள் திருடன் யாரென்று தெரியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு அறிவித்தார். மாயவனின் முகம் பலகைபோல ஆனது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் விஜயலட்சுமிக்குத் தலை சுற்றியது. காரணம் திருட்டு இல்லை. வடக்கனந்தலில் புதிதாகக் கட்டிய வீட்டில் அலமாரி மாட்ட ஒரு டிரில் மிஷின் வேண்டும், அங்கே போனால் எந்தக் கம்பெனி நல்லதென்று கேட்டு வா என்று கணவர் இளவரசன் சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலிருந்து நாலு பேரைக் கேட்டுவிட்டாள். நாலும் நாலு திசை.

கூடத்தின் அறையில் விசாரணை தொடங்கியது. பக்கத்தில் ஏட்டு இருசப்பன்.

"பெட்டிய எப்ப எடுத்தீங்க, மாயவன்?"

"நேத்து காலைலங்க. தலைவர் வூட்ல. பஸ்ல மடி மேலயே வச்சிகினு வந்தேன்."

"தொறந்தீங்களா?"

"டேப்பு ஒட்டிக் குடுத்தாங்க. அப்பிடியே மேடைக்கு வந்துது."

"அதுக்கு முன்னாடி மிஷின எப்ப பாத்தீங்க?"

"வெள்ளிக்கிழம காலைல மாரியம்மன் கோயில்ல, பூஜைக்கு வச்சப்ப. பூசாரி மூணுக்கும் பொட்டு வச்சாரு. அவுரு சந்தனத்துல மகா கஞ்சம் மேடம். சாமிக்கே மிளகு சைஸுதான்."

விஜயலட்சுமி தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்டுக்கு வாங்கறதா இருந்தா எது வாங்கலாம்?" என்றாள்.

"இப்ப நான் எதச் சொன்னாலும் அத திருடினவன்னுடுவாங்க மேடம்" என்றார் மாயவன்.

அடுத்து சுபாஷ்.

"வெள்ளிக்கிழம பூஜை முடிஞ்சதும் எங்க போன?"

"சங்கராபுரம் கடைக்கு மேடம். சாட்சி இருக்குது. மிஷின தலைவர் கார்லதான் ஏத்தினோம்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேடம், உங்களுக்கு வூட்டுக்கா, தொழிலுக்கா? செங்கல் செவுரா, கான்கிரீட்டா? சுத்தியல் அடி வேணுமா, வேணாமா?"

"ஓட்டை வேணும்."

"அப்ப ஹோல்ஸ்டார்க். ஜெர்மன் தரம்."

"கம்பெனி ஜெர்மனியில எங்க இருக்குது?"

சுபாஷ் சட்டைப் பொத்தானைச் சரி செய்தான். "பேரு ஜெர்மன் மேடம். ஓனரு கோயம்புத்தூரு."

அவன் போனதும் இருசப்பன் தொண்டையைக் கனைத்தார். "நீங்க பீமபலமே வாங்குங்க மேடம். என் மச்சான் வச்சிருக்கான். மாசத்துக்கு ஒரு வாட்டிதான் ரிப்பேர் ஆவுது."

"அத எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"ரிப்பேர் கடையும் அவனுதுதான் மேடம்."

பெட்டி கிளம்பிய வீட்டைப் பார்க்க மதியம் ஜீப் மலையை விட்டுக் கீழே இறங்கியது. முன்னால் ராமசாமியின் கார். பின்கண்ணாடி முழுக்கப் பெரிய திருநாமம், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் திரும்பித் திரும்பிக் காட்சி கொடுத்தது. ஜீப்பில் இருசப்பன், மாயவன், சுபாஷ், மடியில் இறந்துபோன மிஷினோடு விஜயலட்சுமி. அவளுக்கு எல்லாமே கலங்கிக் கிடந்தது. வாட், வாரண்டி, ஆர்மேச்சர், திருட்டு. பெட்டி இரண்டு பேர் கையில் இருந்திருக்கிறது. ஒருவர் பட்டம் பெற்ற பெரிய மனிதர். இன்னொருவர் மறுநாள் கிடைக்கவிருந்த வேலையை இன்று கெடுத்துக்கொள்வாரா?

கள்ளக்குறிச்சியில் ராமசாமியின் வீடு. கேட்டில் நாமம். தண்ணீர் மோட்டாரில் நாமம். இன்வர்ட்டரில் நாமம். ஃபிரிட்ஜ், மிக்சி, இஸ்திரிப் பெட்டி, எதுவும் தப்பவில்லை. வீட்டு ஹாலின் நடுவில் கண்ணாடி அலமாரி. அதற்குள், சாமந்தி மாலை போட்டு, பளபளவென்று ஒரு ஹோல்ஸ்டார்க்.

"ரெண்டு வருசம் முந்தி கம்பெனியே எனக்கு மரியாதையா குடுத்தது" என்றார் ராமசாமி. "சாமி மாரி வச்சிருக்கேன்."

'கருவிச் செம்மல்' என்று பொறித்த பித்தளைப் பலகை சோபாவுக்குப் பின்னால் தரையில் சாய்ந்து நின்றது. மேலே சுவரில், பாதி துளைத்த ஒரு ஓட்டை.

ராமசாமியின் மனைவி ஆண்டாள் காபி கொடுத்தார். "ஆடி மாசம் வந்த பட்டம்மா. மாட்டணும் மாட்டணும்னுகினே இருக்காரு, மாட்ட மாட்டேங்கிறாரு."

காபி முடிந்தது. விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியமே பெட்டிக்கு டேப் ஒட்டிவிட்டதாக ராமசாமி சொன்னார். மறுக்க ஆள் இல்லை. விஜயலட்சுமி எழுந்தாள்.

"வந்த பொண்ணுக்கு குங்குமம் குடுக்க முடியல, தப்பா நெனச்சிக்காதம்மா" என்றார் ஆண்டாள். "வெள்ளிக்கிழம சாயங்காலம் பங்காளி ஒருத்தர் பூட்டாரு. தீட்டு. வூட்ல வெளக்குகூட ஏத்தல."

வாசலில் ஸ்கூட்டி. அதன் நெற்றியிலும் ஒரு நாமம், பழசாகி மங்கி. விஜயலட்சுமி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"இதெல்லாம் யாரு போடறது?"

"அவருதாம்மா. புதுசா எது வந்தாலும் அன்னிக்கே சாத்திடுவாரு. அது மேல துணி படக்கூடாது. தானா உதுந்தாத்தான் உண்டு. அழிச்சா அபசாரம்னு குதிப்பாரு."

விஜயலட்சுமி மாட்டின செருப்பை மறுபடி கழற்றினாள். நேராக அலமாரிக்குப் போனாள்.

"அப்ப ரெண்டு வருசமா இங்க இருக்கிற சாமிக்கு மட்டும் ஏன் நாமம் இல்ல?"

ஆண்டாள் கண்ணாடிக்குக் கிட்டே வந்து பார்த்தார். "இருந்துதே... எங்க போச்சு?"

விஜயலட்சுமி புகைந்த மிஷினைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஜீப் சாவியால் அந்தத் தோசைச் சந்தனத்தின் ஓரத்தை நெம்பினாள். காய்ந்த சந்தனம் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அடியில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. இன்னொன்று. நடுவில் சிவப்பு.

பெருமாளின் திருநாமம், குழைத்த தேங்காய் எண்ணெயின் பளபளப்போடு எழுந்தருளியது.

"மிளகளவு வைக்கிற பூசாரி இவ்வளவு சந்தனம் வச்சிருக்க மாட்டாரு" என்றாள். "மறைக்க வேண்டியது பெரிசா இருந்துது, அதனால பொட்டும் பெரிசாச்சு. இது தலைவரோட மிஷின். அலமாரியில இருக்கிறதுதான் கோயில்ல பூஜை பண்ண மிஷின். பூசாரி வச்ச பொட்ட வெள்ளிக்கிழம மதியம் இவரு தொடைச்சிட்டு உள்ள வச்சாரு. நாமம் சாத்தறதுக்குள்ள தீட்டு வந்துடுச்சு. சுபாஷ், நம்பரப் பாரு."

சுபாஷ் அலமாரியிலிருந்ததை எடுத்துப் புரட்டி, கைப்பேசியில் இருந்த பெட்டியின் படத்தோடு ஒத்துப் பார்த்தான். "இதேதான் மேடம்!"

"கருவிச் செம்மல் வாழ்க்கையில ஒரு தடவ தன்னோட பழைய மிஷின ஓட்டினாரு. அந்தப் பலகைய மாட்ட. மொத ஓட்டையிலயே செத்துப் போச்சு." அவள் சுவரைக் காட்டினாள். "சாகாதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. உள்ளூர்ல ரிப்பேருக்குக் குடுத்தா மானம் போவும். எங்க குடுத்தீங்க?"

ராமசாமி தரையைப் பார்த்தார். "மணலூர்பேட்டையில. ராத்திரியோட ராத்திரியா காயில் கட்டிக் குடுத்தான். அப்பவும் சரியா ஓடல. மேடையில ஒரு ஓட்டைக்காவது தாங்கும்னு நெனச்சேன்."

"ஓடாத மிஷின மலைக்கு அனுப்பிச்சீங்க. பழிய இவரு மேல போட்டீங்க. நம்பர் ஸ்டிக்கர சுரண்டத் தெரிஞ்ச உங்களுக்கு, இதச் சுரண்டத் தெரியலியா?"

ராமசாமி நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான அதிர்ச்சி.

"நாமத்த எப்புடிம்மா அழிக்கறது?"

ஆண்டாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

விஜயலட்சுமி பயிற்சிக் கூடச் செயலாளருக்குப் போன் போட்டாள். "மிஷின் கெடச்சிடுச்சு சார். மாயவன் மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு வேலைக்கு வந்துடுவாரு." போனை வைத்தபோது மாயவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் புது மிஷின ஒரு நிமிசம் குடுங்க" என்றார்.

பிளக்கைச் சொருகினார். சுவரில் இருந்த பாதி ஓட்டையை முழு ஓட்டையாக்கினார். பித்தளைப் பலகையைத் தூக்கி மாட்டி, கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"நேரா இருக்குதுங்களா, தலைவரே?"

ஜீப்பில் ஏறும்போதுதான் ராமசாமி வாய் திறந்தார். "மிஷின் நல்ல மிஷின்தாம்மா. மணலூர்பேட்டைக்காரன் கெடுத்துட்டான். ஹோல்ஸ்டார்க்..."

"ஏறுங்க" என்றார் இருசப்பன்.

ஐந்து மணிக்கு இளவரசன் போன் செய்தார். "இன்னா, கேட்டியா? எந்தக் கம்பெனிதான் வாங்கறது?"

விஜயலட்சுமி யோசித்தாள். மியாசோ, பீமபலம், ஜெர்மனி, கோயம்புத்தூர், மச்சான் கடை. காலையில் இருந்த குழப்பம் அப்படியே, ஒரு குண்டுமணி குறையாமல் இருந்தது.

"எதுன்னா வாங்குங்க" என்றாள். "சந்தனம் ஜாஸ்தியா இருந்தா மட்டும் சுரண்டிப் பாத்து வாங்குங்க."