கதவடியில் ஈரம்

டம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் கம்பவுண்டரின் தொண்டை தானாக மூடிக்கொண்டது. தாகம் உயிரை எடுத்தது. ஆனால் தண்ணீர் தளும்பிய அந்தச் சின்னச் சத்தத்துக்கே கழுத்து வெட்டி இழுத்து, கை உதறி, டம்ளர் உருண்டு, சமையலறைத் தரையெல்லாம் நனைந்தது. மனைவி சிரித்தாள்.

"தண்ணி குடிக்கக்கூட மறந்துபோச்சா உங்களுக்கு?"

மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டது. மறுபடியும் இழுத்தது. நாலு நாளாக வலது கட்டைவிரலில் எறும்பு ஊர்வது போலிருந்தது ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் அவன் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எச்சில் ஒழுக ஒரு பசு வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றார்கள். கையுறை தேடச் சோம்பல்பட்டு, வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். எதுவும் சிக்கியிருக்கவில்லை. மறுநாள் பசு செத்தது. அந்தக் கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த கீறலை அவன் பொருட்படுத்தவில்லை. நாய் கடித்தால்தானே ஊசி என்று இருந்துவிட்டான். எத்தனை நாய்களுக்கு ஊசி போட்ட கை! ரேபிஸ் வைரஸ் அந்தக் கீறலில் நுழைந்து, ஒரு காய்ச்சல்கூடக் காட்டாமல், நரம்பைப் பிடித்துக்கொண்டு நாளுக்குக் கொஞ்சமாக ஏறி மூளையை எட்டியிருக்கிறது. அங்கிருந்து எச்சிலுக்கும் இறங்கியிருக்கும். இனி எந்த மருந்தும் கேட்காது. தான் பிழைக்கப்போவதில்லை, ஒன்றரை வயது மகளாவது தப்பட்டும் என்று மனம் கெஞ்சியது.

அறைக்குள் ஓடித் தாழிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டான்.

"குட்டியை எங்கிட்ட விடாத. என் எச்சில் அவ மேல படவே கூடாது."

மனைவி அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். குட்டி தூங்குகிறாள், வண்டிக்கு வழி காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று தெருமுனைக்கு ஓடினாள்.

வீடு அமைதியானது. அவன் கதவடியிலேயே தரையில் சரிந்து கிடந்தான். குழாய் எங்கோ சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் தொண்டை முறுக்கியது. விழுங்க முடியாத எச்சில் மோவாயில் வழிந்து, கன்னம் பதிந்திருந்த தரையில் தேங்கி, வாட்டம் பார்த்துக் கதவிடுக்கை நோக்கி நகர்ந்தது. சட்டையால் துடைக்கப் பார்த்தான். கை கேட்கவில்லை.

வெளியே பிஞ்சுப் பாதங்களின் சத்தம்.

"ப்பா?"

போய்விடு என்று கத்தினான். காற்றுதான் வந்தது.

இடுக்கு வழியாக நாலு விரல்கள் நுழைந்தன. தரையைத் தடவின. ஈரத்தில் தட்டி விளையாடின.

வந்த வழியே வெளியே போயின.



பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், விரல் சப்பும் சத்தம்.