நானூற்றுப் பதினேழாவது தாள்

கணினிகளை இணைக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் மகன் எத்தனை கம்பிகளைச் செருகினான் என்பது அம்பலவாணருக்கு நிச்சயமாக நினைவில்லை. இரண்டு என்றுதான் நினைத்திருந்தார். இந்த வயதில் நினைவை நம்பி எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. மூன்றாவது விளக்குக்குக் கீழிருந்த துளை வெறுமையாக இருந்தது.

பகல் இரண்டு மணிக்கே மூட்டம் இறங்கி, சன்னல் கண்ணாடிகளில் நனைந்த துணிபோல ஒட்டிக்கொண்டு நின்றது. ஹட்டனுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து தொலைபேசிக் கம்பம் சாய்ந்ததில், மூன்று நாட்களாக வீட்டில் இணையம் இல்லை; பெட்டியில் அதற்கான விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் நீர், எங்கோ கீழே தண்டவாளத்தில் இழுபட்டுப் போகும் சரக்கு ரயில், அறை முழுதும் பழைய காகிதங்களின் புளித்த ஈரவாடை. மகன் சிவரூபன் பழைய தோட்டக் கோப்புகளை ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலை எடுத்திருந்தான். ஸ்கேன் செய்யும் கணினியோடு ஒரு டிஸ்க் இருந்தது. இரண்டு கணினிகளும் அந்தப் பெட்டி வழியாக அதைப் பகிர்ந்துகொண்டன. இணைப்புத் திரும்பிய கணமே தாள்கள் அத்தனையும் தானாகக் கொழும்புக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வழக்கறிஞரிடம் போய்விடும்.

அவற்றில் நானூற்றுப் பதினேழாவது தாள் போகக்கூடாது.

பத்து வருடங்களுக்கு முன், அவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது, மேற்பிரிவில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் பின்சுவர் வெடித்திருக்கிறது, பிள்ளைகளோடு பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுக்க அனுமதி வேண்டும் என்று பதினொரு பேர் கைநாட்டு வைத்த கடிதத்தைச் சண்முகவடிவு கொண்டுவந்து கொடுத்தாள். அதே சண்முகவடிவுதான் அதற்கு முந்திய வாரம், பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் சொன்னவள்: “தொரையக் கண்டா நம்ம கிளாக்கரய்யா முதுகு கொழுந்துக்கூடை சுமந்த மாதிரில்ல வளையுது!” களமே சிரித்தது. தோட்டத்தை நடத்தும் துரையும் சிரித்தார்.

அவர் கடிதத்தை வாங்கி, “துரையிட்டச் சொல்லுறன்” என்றார். சொல்லவில்லை. நான்காம் நாள் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. சண்முகவடிவு உட்பட, கைநாட்டு வைத்த பதினொரு பேரும் மண்ணுக்குள் போனார்கள். விசாரணையில், அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சத்தியம் செய்தார்.

ஆனால் கடிதத்தைக் கிழித்தெறிய மட்டும் அவரால் முடியவில்லை. கைக்கு வந்த காகிதத்தில் திகதி முத்திரை குத்தி, துளை போட்டு, கோப்பில் கோர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத கை. இன்று காலை அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. மருமகள் தயானி கோயிலுக்குப் போன பிறகு டிஸ்க் இருந்த கணினியின் முன் உட்கார்ந்தார். ஸ்கேன் செய்த படத்தையும் அழித்துவிட்டால் முடிந்தது.

அழியவில்லை. வேறொருவர் இதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று திரை சொன்னது.

மகனைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். அவன் ஹட்டனில், தொலைபேசிக் கந்தோரில் முறைப்பாடு கொடுக்கும் வரிசையில் நின்றான்.

“தம்பி, ஒரு படத்தைத் திருத்தேலாமல் கிடக்கு. நெற் இல்லாதபடியாலோ?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அப்பா. டிஸ்க் எங்கட வீட்டுக்குள்ளதானே ஓடுது. மற்றக் கொம்பியூட்டரில ஆரும் அதைத் திறந்திருப்பினம்.”

“வீட்டில நான் மட்டும்தான்.”

“அப்ப மற்றக் கம்பியைக் கழட்டிவிடுங்கோ. வயசு போனாப் பிறகுதான் உங்களுக்குக் கொம்பியூட்டர் பைத்தியம் பிடிச்சிருக்கு!” சிரித்தான். “ஆர் திறந்திருக்கினம் எண்டு ஒரு பட்டியல் இருக்கு. நான் சொல்லுற மாதிரி அமத்துங்கோ.”

அமத்தினார். பட்டியல் விரிந்தது. பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டும்: ஒன்று.

மற்றக் கணினியின் கம்பியைப் பிடுங்கினார். விளக்கு அணையவில்லை. ஈரமண் வாடை அடித்தது. சன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.

எண்ணிக்கை: நான்கு.

“ரூபன், பெட்டியில எத்தினை லைட் எரியோணும்?”

“ரெண்டு. ஏன்?”

பெட்டியைப் பார்த்தார். நான்கு ஓட்டைகளிலும் பச்சை. தன் கணினியின் கம்பியையும் பிடுங்கினார். நான்கும் எரிந்தன. டிஸ்க்கின் வயரை இழுத்து அதைத் தரையில் போட்டார். அது சுழலும் முனகல் நிற்கவில்லை. திரையில் கடிதம் தானாக விரிந்தது. நீல மை கைநாட்டுகள். ஒவ்வொன்றும் மெல்ல நனைந்து, ஊறி, சிவந்தது.

எண்ணிக்கை: ஒன்பது.

நடைபாதையில் வெறுங்கால்கள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கும் சத்தம்.

பத்து.

“அப்பா? அப்பா, லைன் வந்திட்டுதாம். பெட்டியில சிவப்பு லைட் பச்சையாகிட்டுதோ எண்டு பாருங்கோ.”

ஆகியிருந்தது.

திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. நானூற்றுப் பதினைந்து. பதினாறு. அவர் கையால் திரையை மறைத்தார். கண்ணாடி சில்லென்று, மெத்தென்று இருந்தது. சேறு போல.

எண்ணிக்கை: பதினொன்று.

பின்கழுத்தில் மூச்சு. ஒருவருடையது அல்ல.

“கிளாக்கரய்யா.” பெண்குரல். அவசரமே இல்லாத குரல். “தொரைக்கிட்ட சொல்லிட்டீங்களா?”

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“இப்பச் சொல்லுங்க. எல்லாரும் வந்திருக்கோம். வாயத் தொறங்கய்யா.”

திறந்தார்.

கடிதம் அன்று மூன்று மணிக்கு முன்பே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் விசாரணை மீண்டும் நடந்தது. பதினொரு பேரின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. சிவரூபன் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை வருகிறான், அறைக்குள் நுழைவதில்லை. தயானி மட்டும் தங்கிவிட்டாள். அம்பலவாணர் சாகவில்லை. பேசுவதும் இல்லை. வைத்தியர்கள் பக்கவாதம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் தயானி ஒரு கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து, அவருடைய தாடையைப் பிடித்துத் திறந்து, தொண்டைவரை அடைத்திருக்கும் ஈரச் செம்மண்ணை விரலால் தோண்டி எடுக்கிறாள். கிண்ணம் நிறைகிறது. மழை நாட்களில் இரண்டு கிண்ணம்.