ஜக்கம்மாள் உறிஞ்சியது

சின்னக்கண்ணுவின் தொப்புள் சில்லிட்டிருந்தது. திண்டுக்கல் டாக்டரின் ஊசிக்கும் கேட்காத காய்ச்சலில் கொதிக்கும் உடம்பில், அந்த ஓரிடம் மட்டும் கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது. ஜக்கம்மாள் விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

செய்வினையை வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அது திரும்ப அண்டாமல் காப்புக் கட்டுவது அவள் பிழைப்பு. கன்னிவாடியிலிருந்து இந்த அகரம் கிராமம் வரை அவளை நம்பாத ஊர் இல்லை. எந்த உடம்பிலும் எடுக்க எதுவும் இருந்ததில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டு மயிரைச் சோற்றோடு பிசைந்த உருண்டை ஒன்றை, எடுத்ததாகத் துப்பிக் காட்டுவதற்காகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாள்.

"சோறு எறங்கி மாசக்கணக்காச்சு. எப்படியாச்சும் எடுத்துக் குடு தாயி," என்றாள் சின்னக்கண்ணுவின் மாமியார் சுந்தரம்மாள், சிம்னி விளக்கை அருகில் பிடித்தபடி.

ஜக்கம்மாள் குனிந்து வாய் வைத்தாள். வழக்கமாக நாக்கில் படும் வேர்வை உப்பு இல்லை. கூடையின் அடியில் நாள்பட அழுகிப்போன பூவின் நாற்றம் மூக்கில் ஏறியது. உதடுகளுக்கிடையே முட்டை வெள்ளையைப் போலக் குளிர்ந்து, கொழகொழவென்று ஏதோ நழுவி உள்ளே வந்தது. துப்புவதற்குள் தொண்டை தானாக விழுங்கிவிட்டது.

கன்னத்தில் இருந்த உருண்டையைச் சொம்பில் துப்பினாள். சுந்தரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கறுப்புக் கயிற்றைச் சின்னக்கண்ணுவின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள் ஜக்கம்மாள்.

"காப்புக் கட்டியாச்சு. இனிமே அது இவ ஒடம்புல திரும்ப ஏறாது."

எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

சின்னக்கண்ணு கண்ணைத் திறந்தாள். "அத்தே, பசிக்கிது."

ஜக்கம்மாளுக்கு உள்ளங்கால் வேர்த்தது. கொல்லைப்பக்கம் ஓடி, தொட்டித் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தாள். நாக்கில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. ஆட்டு மயிர் இல்லை. நீளமானது. இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. சளி சொட்டச் சொட்ட, ஒன்று பத்தாகி, கொத்தாகி, தொண்டைச் சதையை உரசிக்கொண்டு முழம் முழமாக வந்தது. கை வழுக்கியது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே எதிலோ மாட்டி நின்றது.

"தாயி! அள்ளி அள்ளித் திங்கிறா, வந்து பாரு!" உள்ளேயிருந்து சுந்தரம்மாளின் குரல்.

வாய் நிறைய மயிர்.

வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது. வெளியே வந்த மயிர் திரும்ப உள்ளே போகத் தொடங்கியது. மெல்ல. பல்லிடுக்கில் வழுக்கிக்கொண்டு. மணிக்கட்டுச் சுற்றை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகியது. விரல் நுனி உதட்டைத் தொட்டது. பிறகு நாக்கை. பிறகு உள்நாக்கை.

கை நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.