தண்ணீர் குடிக்காத கோடு

ரிஹானாவுக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. "காலுல சக்கரமா கட்டிக்கினு பொறந்த?" என்று அம்மா கேட்காத நாளே இல்லை.

அன்று கேட்கவே வேண்டாம். மர அறுவை மில்லின் வாசலுக்கும் உள்ளுக்குமாக அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். வாசலுக்கு வந்தால் கல்வராயன் மலைப் பக்கம் கருமேகம்; மழை வந்தால் கரண்டு போய்விடும். உள்ளே போனால் இழைப்பு மெஷினின் சத்தம். இரண்டையும் பார்க்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

காரணம், அந்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு விமானத்தின் றெக்கை!

அவளுடைய அத்தா மஜீத், கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கடையை அடைத்ததும் பின்னால் இருக்கும் குடோனுக்குள் போய்விடுவார். அங்கே அவர் மரத்தில் ஒரு குட்டி விமானம் செய்துகொண்டிருந்தார். வாலும் உடம்பும் முடிந்துவிட்டன. முன் சீட்டு அத்தாவுக்கு, பின் சீட்டு ரிஹானாவுக்கு. றெக்கைதான் பாக்கி.

றெக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளமான கட்டை போக வேண்டும். அதற்காக வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மரத்தைச் சென்னையில் வாங்கி வந்திருந்தார் அத்தா. அறுத்தது அறுத்தபடி, சொரசொரவென்று, கையை வைத்தால் சிலாம்பு ஏறுகிற பலகைகள். அவற்றை இழைத்து வழுவழுப்பாக்கத்தான் இங்கே கொண்டு வந்திருந்தார்கள்.

"பாவாடண்ணா, ஆச்சா?"

"ஆவும் பாப்பா. மிஷினாண்ட வராத. அப்படி ஓரமா குந்து."

மில்லை நடத்துகிற பாவாடை கெட்டிக்காரர். ஊரில் பாதி வீடுகளின் கதவும் வாசக்காலும் அவர் கைபட்டவைதான். நாளையிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்கான கதவு வேலை அவருக்கு. இன்று விட்டால் றெக்கை வேலை அடுத்த மாதம்தான்.

"நான் தொழுதுட்டு வந்துடறேன். இங்கியே இரு," என்று சொல்லிவிட்டு அத்தா பள்ளிவாசலுக்குப் போனார்.

ரிஹானா மரக்கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். மேகத்தைப் பார்க்க வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. பாவாடை பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, ஆச்சி பாப்பா! கண்ணாடி மாரி வந்துக்குது பாரு."

பலகை தந்தம் போல மின்னியது. ரிஹானா அதைத் தடவினாள். ஒரு சொரசொரப்பும் இல்லை. சந்தோஷத்தில் அவள் ஒரு குதி குதித்தாள். கையில் மூடி திறந்திருந்த தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து குதித்தது.

சளக்!

"ஐயோ, மரத்த நனைச்சிட்டியே!" என்று பாவாடை துண்டை எடுக்க ஓடினார்.

ரிஹானா தன் துப்பட்டாவால் துடைக்கக் குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள். நனைந்த இடமெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கறுத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் குடிக்கவில்லை. வளைந்து நெளிந்து, தனியாக, வெளிறிப்போய்க் கிடந்தது.

"பாவாடண்ணா, இது இன்னா?"

பாவாடை சிரித்தார். "அதுவா? சின்னதா ஒரு விரிசலு. மரத்தூளையும் பசையையும் கொழைச்சி அடைச்சிட்டேன். பசை தண்ணி குடிக்காது, அதான் தனியா தெரியுது. வாசக்காலுக்கு எல்லாம் அப்படித்தான் செய்வோம். பாய் ஆசையா வாங்கினாந்த மரமாச்சே, வீணாவக்கூடாதுல்ல?"

ஈரம் காய்ந்தால் கோடு மறைந்துவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்றே பலகை குடோனுக்குப் போய்விடும். றெக்கை வந்துவிடும். பின் சீட்டும்தான்.

ஆனால் முன் சீட்டில் அத்தா இருப்பார்.

அதை நினைத்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கால்கள் அசையாமல் நின்றன.

"அண்ணா, கதவுன்னா நெலத்துல நிக்கும். இது மேல போறதாச்சே. நடுவானத்துல விரிசல் வுட்டா?"

பாவாடையின் சிரிப்பு நின்றுவிட்டது. பலகையையே பார்த்தார். "நான் அத ரோசனை பண்லயே பாப்பா," என்றார் மெதுவாக. "பாய் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க. நீங்களே சொல்லிடுங்க. நான் கூட நிக்கறேன்."

அத்தா வந்தார். பாவாடை சொன்னார். ரிஹானா பக்கத்தில் நின்றாள். அத்தா கோபப்படவில்லை. விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு மரக்கட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீளமா வேற பலகை இல்லியேம்மா," என்றார்.

தூரத்தில் இடி உருண்டது. ரிஹானாவின் கால்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. பலகைகளை ஏற்றி வந்து வாசலில் நின்ற குட்டி யானை வண்டியில் எட்டிப் பார்த்தாள். இறக்காத பலகை ஒன்று கிடந்தது.

"அத்தா! இது நீளமாத்தான இருக்குது?"

"அது தண்ணி பட்டு மேலெல்லாம் கறையாயிடுச்சி. சின்னச் சின்னத் துண்டா வெட்டறதுக்கு ஒதுக்கி வெச்சது."

"மேலதான கறை? அந்தப் பலகை மேல நல்லா இருந்துச்சி, உள்ள விரிசலு. இதையும் உள்ள பாத்துடலாமே!"

அத்தா எழுந்தார். பலகையின் கனத்தை அளந்தார். "நல்லா கனமாத்தான் இருக்குது. கொஞ்சம் ஆழமா இழைச்சாலும் தாங்கும். பாவாட, போடு!"

"கரண்டு போறதுக்குள்ள!" என்று கத்தினாள் ரிஹானா.

மெஷின் உறுமியது. கறுப்புச் சீவல் பறந்தது. அப்புறம் பழுப்பு. அப்புறம் வெள்ளை. பாவாடை மெஷினை நிறுத்தியதும் மூன்று பேரும் குனிந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மர ரேகைகள் நேர் நேராக ஓடின.

பாவாடை ஈரத் துணியை எடுத்து ரிஹானாவிடம் நீட்டினார். "நீயே பாரு பாப்பா."

அவள் துடைத்துக்கொண்டே போனாள். பலகை முழுவதும் ஒரே மாதிரி கறுத்தது. எந்தக் கோடும் இல்லை.

"குடிச்சிடுச்சி! எல்லாத்தையும் குடிச்சிடுச்சி!"

அத்தா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பலகையைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி ஏற்றி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

கல்யாண மண்டபத்து வேலை முடிந்ததும் பாவாடை குடோனுக்கு வந்தார். கையில் வழுவழுப்பான ஒரு பலகையும் கயிறும். விரிசல் பலகையில் நல்லதாக இருந்த முனையை வெட்டி, ஊஞ்சல் பலகை செய்திருந்தார்.

"ஏரோப்ளேன் முடியற வரைக்கும் இதுதான் பாப்பாவோட பின் சீட்டு," என்று விமானத்துக்குப் பக்கத்திலேயே உத்திரத்தில் கட்டிவிட்டார். "குந்து பாப்பா. ஆட்டி வுடறேன்."

"இருங்கண்ணா!"

ரிஹானா ஓடிப்போய் ஒரு ஈரத் துணி கொண்டு வந்தாள்.