முடி கேட்டு வந்தவன்

வீட்டில் இருந்த ஒரே கத்தரி ஆணியில்தான் தொங்கியது. ஆனாலும் கத்தரி வெட்டும் சத்தம் கேட்டது. வெயிலுக்குப் பயந்து கதவு சாத்திய வீட்டுக்குள் ஆட்டுத்தோல் வாடையும் காய்ச்சல்காரப் பிள்ளையின் வியர்வை வாடையும் கனத்துக் கிடக்க, அந்தச் சத்தம் மட்டும் லிக்கோனின் தலைமாட்டில் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மெலிட்டா ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் தாய்க்கு அது யார் என்று சொல்லித்தர வேண்டுமா? சாவுத்தேவன் தானடோஸ், சாகப்போகிறவரின் தலையில் ஒரு கொத்து முடியை நறுக்கிவிட்டுத்தான் உயிரைத் தொடுவான்.

"முடி இருந்தாத்தானே நறுக்குவான்?" என்று கத்தியை எடுத்தாள்.

"வேணாம்டி," என்றாள் நாத்தனார் ஃபீலா. "அவன்கிட்ட சாமர்த்தியம் காட்டாத. தூக்கத்தோட கூடப்பிறந்தவன். வலிக்காம கூட்டிட்டுப் போவான்."

"உங்க வயித்துல பிறந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா அண்ணி?"

தலையை மழித்தாள். புருவத்தை வழித்தாள். இமைமுடியைக்கூட விடவில்லை. எல்லாம் அடுப்பில் பொசுங்க, கத்தரிச் சத்தம் நின்றது. மெலிட்டா வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கை சில்லிட்டது. நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை.

"அம்மா, வலிக்குது," என்றான் லிக்கோன்.

நாட்கள் போயின. வயிறு ஊதியது. ஈ மொய்த்தது. இழவு வீட்டுக்கு வைப்பதுபோல் ஃபீலா வாசலில் தண்ணீர்ச் சாடியை வைத்துவிட்டு வெளியே நின்றாள்.

"புதைச்சிருடி."

"பேசுற பிள்ளைய எப்படி அண்ணி புதைக்கிறது?"

அன்று மூலையில் தானடோஸைப் பார்த்தாள். இளைஞன். சிறகை மடக்கி உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. எத்தனை நாளாக அங்கேயே இருந்தானோ.

"தப்புதான் சாமி. கூட்டிட்டுப் போயிருங்க."

அவன் பிள்ளையின் தலையைக் காட்டினான்.

மெலிட்டா தன் கூந்தலை அறுத்து அந்த மொட்டைத்தலையில் பரப்பினாள். அவன் குனிந்து ஊதினான். கூந்தல் தரையில் சிதறியது. எழுந்தான். கதவைத் திறந்தான்.

"அம்மா, அவரு போறாரு. கூப்பிடும்மா."

அவள் கூப்பிடவில்லை. ஒரு முடி. ஒன்றே ஒன்று. உச்சியில், பிடரியில், காதோரத்தில் தடவித் தடவித் தேடினாள். விரலோடு தோல் வந்தது. இன்னும் தேடினாள். லிக்கோன் இமைமுடி இல்லாத கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு, வலிக்குது, வலிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.